கொதிக்காத கூட்டு

எங்கள் ஊரில் கரண்ட் போனால் எல்லோரும் கரண்ட் ஆபீஸைத் திட்டுவார்கள். என் ஓரகத்தி, அதாவது நான் அக்கா என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணன் மனைவி, தன்னைத் திட்டிக்கொள்வாள். "நான்தான் கிரைண்டரையும் மோட்டாரையும் ஒண்ணா போட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதம்மா" என்பாள். வாசலில் எட்டிப் பார்த்தால் தெருவே இருண்டு கிடக்கும். ஒரு தெருவுக்கே கரண்ட்டைப் பிடுங்குகிற அளவுக்கு நம் வீட்டு கிரைண்டருக்குத் தெம்பு கிடையாது என்று எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு மனசு ஆறாது. கரண்ட் வரும்வரை பனை விசிறியோடு என் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவுக்குக் குற்றம் இல்லாமலே குறுகுறுக்கும். பால் திரிந்தால் அவள்தான் காரணம். குழந்தைக்கு ஜுரம் வந்தால் முந்தின நாள் தலைக்கு ஊற்றிய அவள்தான் காரணம். என் கணவர் படப்பையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக்கூட, காலையில் டிபன் டப்பாவை அவசரமாகக் கையில் திணித்தது தான்தான் என்று கண் கலங்கினாள். நாங்கள் சிரித்தோம். சிரித்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்தக் குறுகுறுப்பை வைத்துக்கொண்டே வீடு மொத்தமும் அவளிடம் வேலை வாங்கியது. ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் அவள் முன்வாசலில் வரமாட்டாள். கொல்லைப் பக்கமாக வந்து, உடம்பு நோகிறது என்றுகூடச் சொல்லாமல், துலக்காமல் கிடக்கும் பாத்திரங்களுக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்வாள். பாத்திரம் ஏன் துலக்காமல் கிடந்தது என்று கேட்காதீர்கள். நான் பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நிலம் கம்பெனிக்குப் போனபின் வீட்டில் எல்லோருமே கம்பெனியை நம்பித்தான் பிழைப்பு. அக்காவின் கணவரை நான் மச்சாண்டார் என்பேன். அவர் கம்பெனி பஸ் ஓட்டினார். அக்கா ஒரு பெரிய சமையல் கூடத்தில் வேலை பார்த்தாள். சுற்றுவட்டாரத்து கேன்டீன்களுக்கெல்லாம் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். காய் நறுக்கும் இடத்தில் சேர்ந்தவளை, கை சுத்தம் என்று பார்த்து, பை வேக்காட்டுக்கு மாற்றினார்கள்.

பை வேக்காடு என்பது அங்கே வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர். கற்றுக்கொடுக்க வந்த செஃப் அதை 'சூ வீட்' என்று சொன்னாராம், பிரெஞ்சுக்காரர்களுடைய முறையாம். காயைப் பையில் போட்டு, காற்றை எடுத்து, வாயை ஒட்டி, சூடான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. எண்பத்தைந்து டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். காய் அதன் பாட்டுக்கு நிதானமாக வெந்துகொள்ளும். உடையாது, குழையாது, சத்தும் சாறும் தண்ணீரில் போகாது. இதையெல்லாம் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே எனக்குச் சொல்வாள். கேட்பதற்கு நன்றாக இருக்கும். அவள் எதையாவது புகழ்ந்து பேசி நான் கேட்டது அந்தத் தொட்டி ஒன்றைத்தான்.

சிக்கல் பொங்கலுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் சிலவற்றில் உலையை அணைக்க முடியாது. பண்டிகை என்றாலும் ஷிப்டு உண்டு. ஊருக்குப் போக முடியாத தெற்கத்திப் பையன்கள் அன்றைக்கு வேலைக்கு வருவார்கள், அவர்களுக்குக் கேன்டீனில் பண்டிகைச் சாப்பாடு போடுவார்கள். அதில் கூட்டும் பொரியலும் அக்காவின் தொட்டியில்தான் வெந்தாக வேண்டும். ஆக, ஊருக்கெல்லாம் பொங்கல் கூட்டு வைக்கிறவள் தன் வீட்டுப் பொங்கலுக்கு இருக்கமாட்டாள். வீட்டில் இல்லையே என்று அங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே வந்தால், அந்தப் பையன்கள் தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டார்களே, அவர்கள் ஊர்ப் பக்குவத்தில் தன்னால் செய்ய முடியவில்லையே என்று அதற்கும் அடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பொங்கல் படையலுக்கு ஏழுகறிக் கூட்டு வைப்பது மூத்த மருமகள். மொச்சை, அவரை, பூசணி, வாழைக்காய், கத்தரி, கருணை, சர்க்கரைவள்ளி. சூரியனுக்கும் செத்துப்போன பெரியவர்களுக்கும் போடுகிற இலையில் அதுதான் முதலில் விழ வேண்டும். அதை வைக்கிற கைதான் அந்த வீட்டின் கை என்று அத்தை, அதாவது எங்கள் மாமியார், சொல்வார். அத்தைக்கு அவர் மாமியார் கொடுத்த உரிமை அது. அத்தை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். எனக்கு, சின்ன மருமகளுக்கு, தேங்காய் துருவுகிற வேலை.

லீவு கிடைக்காத முதல் வருஷம் அக்கா போகியன்றே கூட்டை ஆரம்பித்தாள். வீட்டில் தொட்டி ஏது? குளிக்க வெந்நீர் போடுகிற எவர்சில்வர் அண்டாவை அடுப்பில் ஏற்றி, வேலையிடத்தில் கேட்டு வாங்கி வந்த தெர்மாமீட்டரை விளிம்பில் கட்டித் தொங்கவிட்டாள். ஒவ்வொரு காயும் ஒவ்வொரு பையில். காற்றெடுக்கும் மிஷின் இல்லை. பையின் வாயை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு மெதுவாகத் தண்ணீரில் இறக்கினாள். தண்ணீர் நாலு பக்கமும் அமுக்க, காற்று தானே வெளியேறியது. அப்புறமும் கத்தரிக்காய்ப் பை மிதந்தது. அதற்குள் ஒரு எவர்சில்வர் கரண்டியைப் போட்டு மூழ்கடித்தாள். கருணை முதலில் போனது, கத்தரி கடைசியில் போனது.

"கொதிச்சா காய் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கினு ஒடஞ்சிடும்மா. சூடு மட்டும் இருந்தா அது அது அதும்பாட்டுக்கு வேவும்" என்றாள். கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டு இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அத்தை அண்டாவை எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, கொதியே வரல. பொங்கி வழியணும்னுதான் பொங்கலே வைக்கிறோம். அன்னைக்குப் போயி பொங்காத கூட்டா?" என்றார்.

அக்கா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஆனால் தொட்டி விஷயம் என்றால் அவளுக்குக் கொஞ்சம் வாய் முளைக்கும். படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது என்று நீங்கதானே அத்தை சொல்லிக் கொடுத்தீர்கள் என்றாள். திறந்த சட்டியில் கொதித்தால் வாசனை தெருவுக்கே போய்விடுகிறது, பையில் வெந்தால் முதல் வாசனையே சாமிக்குத்தான் என்றாள். அத்தை வெற்றிலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் அனுமதி கிடைத்தது.

மறுநாள் அக்கா ஷிப்டுக்குப் போய்விட்டாள். பைகளைச் சூடு பண்ணி, வெட்டி, புளியும் அரைத்த மசாலாவும் தேங்காயும் சேர்த்துத் தாளிக்க வேண்டியது என் வேலை. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வாசலில் பானை பொங்கி, இலை போட்டு, அத்தை கூட்டை அள்ளி வைத்தால் இலையில் 'ணங்' என்று விழுந்தது கரண்டி.

எல்லோரும் இலையை எட்டிப் பார்த்தோம். அத்தைதான், "எங்க மாமனாருக்குக் கரண்டி இன்னாத்துக்கு? கையால துன்னுட்டுத்தானே போய்ச் சேர்ந்தாரு" என்றார். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள்.

பையைத் திறந்தது நான். கரண்டியைப் பார்க்காமல் கொட்டியது நான். பிரேக்கில் அக்கா போன் பண்ணினாள். யாருமே ருசி பார்க்காத கூட்டில்லையா, "உப்பு இருந்துச்சாம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டாள். நான் கரண்டி கதையைச் சொன்னேன். உடனே, "ஐயோ, நான் சொல்லிட்டுப் போயிருக்கணும், எல்லாம் என்னாலதான்" என்று ஆரம்பித்துவிட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். இலையில் ஒரு பருக்கைகூட மிஞ்சாமல் எல்லோரும் வழித்துச் சாப்பிட்டதை நான் சொல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். மறக்கவில்லை.

அடுத்த வருஷம் அத்தை யோசித்து வைத்திருந்தார். போகியன்று வெந்தது பழசு, பழசைப் படைக்கக் கூடாது. அன்றைக்கு வைத்தது அன்றைக்கு இலைக்கு வர வேண்டும். முடியாதென்றால் இந்த வருஷத்திலிருந்து கூட்டு சின்னவள் கைக்குப் போய்விடும். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னார். அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடியதை இப்போது எழுதும்போதுகூட விரல் கூசுகிறது.

அக்கா ஷிப்டு மாற்றிக் கேட்டாள், கிடைக்கவில்லை. அவள் அழுததைப் பார்த்து சூப்பர்வைசர் அம்மா இரக்கப்பட்டு, கம்பெனித் தொட்டியில் ஒரு மூலையை வீட்டுக் கூட்டுக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கும் அக்காவுக்குக் கூச்சம். கம்பெனி வெந்நீரைச் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாதென்று முந்தின நாளே அந்தத் தொட்டி முழுவதையும் தான் ஒருத்தியாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள்.

பொங்கலன்று விடியுமுன் தலைக்குக் குளித்து, நறுக்கிய காயும் பையுமாக, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். ஏற்பாடு இதுதான். காய் தொட்டியில் பாதிக்கு மேல் வெந்ததும், பைகளை அதே சூட்டுத் தண்ணீரோடு ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடிவிடுவாள். ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் மச்சாண்டார் அதை வாங்கிக்கொண்டு வருவார். மிச்ச வேக்காட்டைப் பெட்டிக்குள் இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். புளியும் மசாலாவும் நான் தயாராக வைத்திருந்து தாளித்துவிட வேண்டும்.

அவள் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டு, நீயும் ஒரு கூட்டு வைத்துவிடு, அது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வைத்தேன். நன்றாகக் கொதிக்க வைத்தேன். கத்தரி கரைந்து காணாமல் போயிற்று, சர்க்கரைவள்ளி மாவாயிற்று, கருணை மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் பானை பொங்கியது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கத்தினார்கள். அத்தை இலையைத் துடைத்துப் போடும்போது மச்சாண்டாரின் பஸ் தெருமுனையில் வந்து நின்றது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "இன்னும் கை வைக்க முடியாத சூடு கீதும்மா. ரோட்டுலயே வெந்துக்கினு வந்துச்சு" என்று அத்தையிடம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

அத்தை பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னுத எடுத்தாடி" என்றார்.

அக்காவுடையது வந்துவிட்டது அத்தை, கொஞ்சம் பொறுங்கள், தாளித்து எடுத்து வருகிறேன். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை கத்தியிருப்பார், கத்திவிட்டுப் பொறுத்திருப்பார். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்க என்ன கேடு? எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்த இலை மேல் ஆசை இருந்தது. நான் உள்ளே போய் என் சட்டியை எடுத்து வந்தேன். மச்சாண்டார் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியைக் கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனார்.

அக்கா ஷிப்டு முடிந்து பட்டினியாக வந்தாள், வழக்கம்போலக் கொல்லைப் பக்கமாக. பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். ஏழு பையும் வைத்தது வைத்தபடி கிடந்தன. தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள், இன்னும் சூடு இருந்தது. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"லேட்டாயிடுச்சா? நான்தான் அனுப்புறதுல லேட் பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா" என்றாள்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

அவள் உட்காரக்கூட இல்லை. பைகளை வெட்டி, நான் அரைத்து வைத்துவிட்டு மறந்துபோன மசாலாவைப் போட்டு, தாளித்து, முதல் தட்டை எனக்குத்தான் கொடுத்தாள். கருணை கருணையாக இருந்தது. கத்தரித் துண்டு உடையாமல் இருந்தும் நாக்கில் வைத்ததும் கரைந்தது. மொச்சை ஒவ்வொன்றும் தோல் பிரியாமல் வெந்திருந்தது. ஏழு காயும் ஒரே கூட்டில் இருந்துகொண்டு ஏழு ருசியாக இருந்ததை அன்றைக்குத்தான் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த பொங்கலுக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே, "நீயே வச்சிடும்மா, உன் கை பக்குவமா கீது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பண்டிகைக்குக்கூட அடுப்பண்டை நிற்காதவள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பி அவள் மேல் ஒட்டிக்கொண்டது. என் காதுபடவும் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் படப்பையில் ஒரு மனை வாங்கி, சின்னதாக வீடு கட்டிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். போகிற அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு, "உன்ன தனியா வுட்டுட்டுப் போறேன், தப்பா எடுத்துக்காதம்மா" என்று அழுதாள். அவள் போன பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு பாத்திரம் விழுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அத்தை இப்போது இல்லை. துக்கத்துக்காக ஒரு பொங்கலை விட்டோம். இந்தப் பொங்கலுக்கு அத்தைக்கும் சேர்த்துப் படையல், இலைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு புடவை. நான் ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். அண்டாவை ஏற்றினேன். கொதி வரும்போதெல்லாம் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஏழு பையையும் இறக்கிவிட்டு, அக்காவுக்கு போன் போட்டேன். அவள் அன்றைக்கும் ஷிப்டில்தான் இருந்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

படையலுக்கு நீ வந்திருக்கலாமே அக்கா என்றேன். வர முடியவில்லையே, தப்பா எடுத்துக்காதே என்றாள். உன் மாதிரிதான் வைக்கிறேன் என்றேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கருணையை முதலில் போட்டாயா, புளியைக் காயோடு சேர்க்கவில்லையே, புளி பட்டால் வேகாதே என்று ஒன்று விடாமல் கேட்டாள். மிதக்கிற பைக்குள் கரண்டி போட்டாயா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குப் பொட்டி நேரத்துக்கே வந்துச்சுக்கா."

தட்டுகளின் சத்தத்தை விட்டு அவள் தள்ளிப் போவது கேட்டது.

"தெரியும்மா. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றாள்.

"தெரிஞ்சுக்கினேவா லேட்டாயிடுச்சுன்னு சொன்ன? உன் மேல இன்னாக்கா தப்பு?"

"நல்ல நாளும் அதுவுமா யாராச்சும் ஒருத்தர் தப்பு எம்மேலதான்னு சொன்னாதானம்மா எல்லாருக்கும் சோறு எறங்கும்" என்றாள்.

பிரேக் முடிந்துவிட்டது, தொட்டியில் காய் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

பைகளை எடுத்து வெட்டினேன். கரண்டியை மறக்காமல் எடுத்துவிட்டு, கூட்டைக் கூட்டி, இலையில் முதலில் வைத்தேன். அத்தைக்குப் பிடித்ததோ என்னவோ. பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.